டிசம்பர் தாளில் ஒரு கை

மைல்ஸ் சிட்டி, மொன்டானா
செப்டம்பர் 2, 2003

வெர்னாவுக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போடாமல் இதுவரை வந்திருக்கிறாய் என்றால், மேலே படி. தொலைபேசியில் பேசியிருக்கலாம். ஆனால் டிராக்டரும் துப்பாக்கியும் சேர்ந்து தின்று தீர்த்த காது இது. நீ ஒன்று சொன்னால் எனக்கு வேறொன்று கேட்கும், பிறகு அதற்கும் ஒரு சண்டை வரும்.

மே மாதம் ஆர்டிஸின் அடக்கத்துக்கு அவ்வளவு தூரம் வந்தாய். நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்டாட்டியைப் புதைக்கிற அன்றுகூடத் தங்கையிடம் முறைத்துக்கொண்டு நிற்கிறான் என்று ஊரே பார்த்தது. நீ சமைத்துக் கொண்டுவந்த பாத்திரத்தைக் கழுவி வைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். கோழிக்கூட்டுப் பக்கம் விரியன்கள் வருகின்றன, வாலைக் கிலுகிலுக்கிறவை. அடிக்க வீட்டில் ஒன்றும் இல்லை. அடக்கம் முடிந்த மறுவாரம் பக்கத்துப் பண்ணை லைல் வந்து, துடைத்து எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று இருந்த துப்பாக்கியையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். இன்னும் வரவில்லை. கேட்டால், "இன்னும் ஒண்ணு ரெண்டு பாக்கி இருக்குப்பா, என்ன அவசரம்?" என்கிறான்.

நீ துப்பாக்கிக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவள். என் விரல்கள் இப்போது சரியாக மடங்குவதில்லை. மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கிறது. இப்படிப்பட்ட கைக்கு எந்தக் கைத்துப்பாக்கி சரிப்படும் என்று எழுது.

அப்பாவின் ரிவால்வரை நான் கேட்கவில்லை. அது என் கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது, உன் கைக்கு ஒருநாளும் பொருந்தாது. இரண்டும் உனக்குத் தெரியும். அதை விடு.

எமெட்

காலிஸ்பெல்
செப்டம்பர் 14

எமெட்டுக்கு,

அடுப்பில் போடவில்லை. பிரிக்காமல் சில நாள் மேசைமேல் வைத்திருந்தேன், அவ்வளவுதான். ஆறு வருடம் கழித்து அண்ணன்காரன் கடிதம் போடுகிறான், அதிலும் பாம்பைப் பற்றி! அப்பாவின் அடக்கத்தன்று எல்லாரும் ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது, அந்த ரிவால்வருக்காக என்னைப் பார்த்து "திருடி" என்று கத்தினாயே, அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறாயா என்று இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன். இல்லை. சரி, போகட்டும்.

லைல் எப்போதுதான் சுறுசுறுப்பாக இருந்தான்? அவன் துடைத்துத் தருவதற்குள் பாம்புகள் பேரன் பேத்தி எடுத்துவிடும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பெரிய கைக்குப் பெரியது, சின்னக் கைக்குச் சின்னது என்பதெல்லாம் கடைக்கு வெளியே பேசுகிற பேச்சு. கைப்பிடியை இறுகப் பிடித்தால் குழலும் முன்கையும் ஒரே கோட்டில் வர வேண்டும். அப்படிப் பிடித்தபடியே ஆள்காட்டி விரலின் நுனிச்சதை விசைமேல் போய் உட்கார வேண்டும். விரல் எட்டவில்லை என்றால் என்ன செய்வோம்? நமக்கே தெரியாமல் கையைச் சுற்றிப் பிடிப்போம். அப்போது சுட்டதும் வருகிற உதை உள்ளங்கையில் இறங்காமல் கட்டைவிரல் மூட்டில் போய் இடிக்கும். உன் மூட்டு அதைத் தாங்காது. கைப்பிடி ரொம்ப ஒல்லியாக இருந்தாலும் வம்பு. விரல் அதிகமாக உள்ளே புகுந்து, இழுக்கும்போது குறி பக்கவாட்டில் ஓடும். கைக்கு அடக்கமாக, கனமில்லாமல் இருக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்குவார்கள் பார், அதுதான் இருப்பதிலேயே மோசமாக உதைக்கும். பிஸ்டல் என்றால் மேலே இருக்கிற இரும்பைப் பின்னுக்கு இழுக்கப் பலம் வேண்டும். ரிவால்வரில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் விசை கனம்.

நேரில் வந்தால் கையைப் பிடித்துப் பார்த்துச் சொல்வேன். நீதான் வர மாட்டாயே. ஒரு தாளில் வலது கையை விரித்து வைத்துச் சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்பு. தாள் நீளத்தைச் சொல்லும், பலத்தைச் சொல்லாது. அதனால் இதற்கும் பதில் எழுது: ஜாம் பாட்டில் மூடியை உன்னால் திறக்க முடிகிறதா?

வெர்னா

மைல்ஸ் சிட்டி
அக்டோபர் 6

வெர்னாவுக்கு,

நீ கேட்ட கை இதோடு இருக்கிறது. வெள்ளைத்தாள் எதுவும் அகப்படவில்லை. தீவனக் கடை நாட்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் வரைந்தேன். கோடு நடுங்கியிருக்கும். சின்னவிரல் வளைந்திருப்பது பென்சிலின் தப்பு இல்லை, விரலே அப்படித்தான்.

மூடி திறக்கிற வேலை இந்த வீட்டில் எப்போதும் ஆர்டிஸுடையது. போன வருடம் அவள் போட்ட காட்டுச்செர்ரி ஜாம் அலமாரியில் வரிசையாக இருக்கிறது. ஒன்றையும் திறக்கவில்லை. முயன்றும் பார்க்கவில்லை. அதனால் உன் கேள்விக்குப் பதில் தெரியாது.

உதை, குறி என்று நீ எழுதியதையெல்லாம் படித்தேன். அதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. கைக்குள் அடங்கி, விரல் எட்டினால் போதும். அதற்கு மேல் யோசிக்காதே.

கோழிகளை லைலின் மனைவி போனியிடம் கொடுத்துவிட்டேன். குளிரில் எழுந்து தீனி போட உடம்பு வணங்கவில்லை. குதிரையையும் அவர்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். கொட்டகை அமைதியாக இருக்கிறது.

எமெட்

காலிஸ்பெல்
அக்டோபர் 15

எமெட்டுக்கு,

அடப் பாவி, டிசம்பரைக் கிழித்துவிட்டாயே! அக்டோபரிலேயே டிசம்பரைக் கிழிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். கிறிஸ்துமஸ் என்றைக்கு என்று லைல் வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்.

உன் கையைக் கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். நேற்று ஒருத்தன் பெண்டாட்டியைக் காரிலேயே உட்காரவைத்துவிட்டு அவளுக்குத் துப்பாக்கி வாங்க வந்தான். இருப்பதிலேயே சின்னதாக, ஊதா நிறத்தில் ஒன்றைக் காட்டி, "அவளுக்குச் சின்னக் கை, இது போதும், கட்டிக் குடுங்க" என்றான்.

"செருப்பு வாங்குறப்போ காலைக் கார்லயே விட்டுட்டு வருவியா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணுதான். போய்க் கையைக் கூட்டிட்டு வா."

அந்தப் பெண் வந்தாள். ஊதாவைத் தொட்டாள், முகம் சுளித்தாள். ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, நடுத்தர அளவில் கனமான ஒன்றை எடுத்துக்கொண்டு, "இது என் கையில ஆடாம நிக்குது" என்றாள். புருஷன் பர்ஸைத் திறந்து பணத்தை எண்ணினான். உனக்கு இது பிடிக்கும் என்றுதான் எழுதுகிறேன். ஆர்டிஸ் இருந்தால் இன்னும் பிடித்திருக்கும்.

இப்போது கேள், எமெட். உன் கோட்டின்மேல் கடையிலிருக்கிற ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒத்துவரவில்லை. கடைசியில் வீட்டுக்குப் போய் அப்பாவின் ரிவால்வரை எடுத்து வந்தேன். அது கனமானது, அதனால் உதை குறைவு. கைப்பிடி மரம்தான் உன் இப்போதைய விரலுக்குப் பருமன். அதைக் கழற்றிவிட்டு வால்நட் மரத்தில் ஒல்லியாக ஒன்று செய்து, உன் வளைந்த சின்னவிரலுக்கு ஒரு பள்ளம் விட்டு, சாயங்கால நேரங்களில் நானே உட்கார்ந்து இழைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆமாம், அது உனக்குத்தான். அன்றைக்கு அதை நான் ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை நீ கேட்கவே இல்லை. பண்ணை உனக்கு, மாடுகள் உனக்கு, அப்பா கடைசியில் பேசியதும் உன்னோடுதான். எனக்கு என்று ஒன்று வேண்டியிருந்தது. அவ்வளவுதான். என் மருமகன் டுவேன் நவம்பரில் மான் வேட்டைக்கு உங்கள் பக்கம் வருகிறான். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு மனது எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா?

வெர்னா

மைல்ஸ் சிட்டி
நவம்பர் 1

அன்புள்ள வெர்னா,

உன் கடிதம் கிடைத்தது. நீ இவ்வளவு செய்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உனக்கு நல்ல மனது. அன்று அத்தனை பேர் முன்னால் உன்னைத் திருடி என்றது தப்பு. உன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மாவின் நீலப்பூ போட்ட தட்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் கட்டியிருக்கிறேன். டுவேன் திரும்பும்போது எடுத்துக்கொண்டு போகட்டும். ஆர்டிஸின் தையல் இயந்திரமும் உனக்குத்தான்.

முடிந்தால் அவனை முதல் வாரத்திலேயே வரச் சொல். கோழிக்கூட்டுப் பக்கம் பாம்புத் தொல்லை இன்னும் தீரவில்லை.

குளிர் காலத்தில் மலைப் பாதையில் வண்டி ஓட்டாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
எமெட்

காலிஸ்பெல்
நவம்பர் 7

எமெட்,

இந்தக் கடிதத்தை டுவேன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் பக்கத்தில் இருக்கும்போதே படி. ரிவால்வரை அவன் கொண்டுவரவில்லை. வண்டியைத் தேடாதே.

நேற்றுப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கடையில் ஆள் இல்லை. நான் கைப்பிடிக்குக் கடைசியாக எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். முதலாளி ஹால் காபியோடு வந்து நின்றார்.

"உங்கண்ணன் இதை வச்சு என்ன சுடப் போறாரு?"

"பாம்பு. கோழிக்கூட்டுக்கு வருதாம்."

"பாம்பா? நவம்பர்லயா?"

எமெட், நான் அந்த மண்ணில் பிறந்தவள். செப்டம்பர் போனால் விரியன்கள் பாறைப் பொந்துக்குள் போய்ச் சுருண்டுவிடும், ஏப்ரல் வரை தலை காட்டாது என்று எனக்குப் பேசத் தெரிவதற்கு முன்பே தெரியும். நீ எழுதியதைப் படித்தேன், ஒரு நொடிகூட எனக்கு உறைக்கவில்லை. கூடு இருக்கிறது, அதில் கோழி ஏது? நீதான் போனியிடம் கொடுத்துவிட்டாயே. எழுதியிருந்தாய், படித்தேன், விரல் எட்டுமா எட்டாதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கி வாங்குகிறவன் எவனும் குறி பெரிய விஷயம் இல்லை என்று சொல்ல மாட்டான். இத்தனை வருடம் கவுண்டரில் நின்று எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். அதுவும் உறைக்கவில்லை. கை அளவு கேட்டால் போதும், எனக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

லைல் துடைக்கிறதற்காக எடுத்துப் போகவில்லை. அது உனக்கும் தெரியும். நம் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்து, மிச்சம் இருக்கிறவன் முகம் சரியில்லை என்றால், பக்கத்து வீட்டுக்காரன் வந்து எல்லாவற்றையும் துடைக்க எடுத்துப் போவான். பிள்ளை இறந்தபோது ஹார்லன் கிழவனின் துப்பாக்கிகளை ஒரு குளிர்காலம் முழுக்க நீதானே வைத்திருந்தாய்? "துரு புடிச்சிருக்கு, நேரம் ஆகும்" என்று அவனிடம் முகம் மாறாமல் சொன்னாயே.

நான் நேராகவே கேட்கிறேன். நீ சாக நினைக்கிறாயா?

டிசம்பரைக் கிழித்தபோது உனக்கு அது வேண்டாம் என்று தோன்றியதா? நான் அதைப் பார்த்துச் சிரித்தேன், எமெட். உன் சாவுக்கு நான் பள்ளம் விட்டு இழைத்திருக்கிறேன். கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறேன், எண்ணெய் வாடை போக மாட்டேன் என்கிறது.

உன் காதுக்குப் போன் கேட்காது, அதனால் நேற்றே லைலைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். கோபப்படு, பரவாயில்லை. உயிரோடு இருந்து கோபப்படு. டுவேன் நான் வரும்வரை உன்னோடு இருப்பான், மான் எங்கும் ஓடிப்போகாது. டாக்டரிடம் லைல் கூட்டிப் போவான், போ. விரல் மூட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடாதே.

உன் டிசம்பரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் கைக்குள் என் கையை வைத்து வரைந்திருக்கிறேன். பார், எவ்வளவு இடம் மிச்சம். அப்பாவின் ரிவால்வர் எனக்குப் பொருந்தாது என்பது அதைப் பார்த்தாலே தெரியும். பொருந்தாவிட்டாலும் அது என்னிடம்தான் இருக்கும்.

வெர்னா

மைல்ஸ் சிட்டி
நவம்பர் 13

வெர்னா,

நீ செய்தது நியாயம் இல்லை. ஊருக்கெல்லாம் போன் போட்டிருக்கிறாய். லைல் என் சமையலறையில் உட்கார்ந்து என் ஹாமைத் தின்றுகொண்டிருக்கிறான். ராத்திரி அவன் நாற்காலியில் தூங்குகிறான், அந்தக் குறட்டை என் காதுக்கே கேட்கிறது. டுவேன் கழிப்பறை வாசல்வரை கூடவே வருகிறான். நான் என்ன சின்னப் பிள்ளையா? "நீங்கல்லாம் எப்பத்தான்டா போவீங்க?" என்று கேட்டேன். லைல் தலையைத் தூக்காமல், "இன்னும் ஒண்ணு ரெண்டு துப்பாக்கி பாக்கி இருக்குப்பா" என்றான்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம்.

சாயங்காலம் கொட்டகையிலிருந்து உள்ளே வந்து, கையுறையைக் கழற்ற முடியாமல் நிற்பேன். அவள்தான் இழுத்துவிடுவாள். கையுறையோடு அப்படியே இருட்டில் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. எதற்கும் கை ஆகவில்லை, வெர்னா. அதற்கு மட்டும் ஆகுமா என்று பார்த்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டேன், நீ அப்படி நேராகக் கேட்டிராவிட்டால்.

இன்னும் உன்மேல் கோபம்தான்.

எமெட்

மைல்ஸ் சிட்டி
டிசம்பர் 4

வெர்னாவுக்கு,

நவம்பர் கடைசியில் நன்றி நாள் விருந்துக்கு நீ பஸ்ஸில் வந்து இறங்கியபோது என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. கிளம்பும்போதும் தெரியவில்லை. வான்கோழி காய்ந்துபோயிருந்தது என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் சொல்ல நினைத்தது அது இல்லை.

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், மூட்டுக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. வாரம் ஒருமுறை ஒரு பெண்ணிடம் பேசப் போக வேண்டுமாம். முதல் தடவை அவள் கேட்டதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. அடுத்த தடவை சத்தமாகப் பேசுகிறேன் என்றாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். விடியற்காலையில் கண் விழித்தால் இன்னும் மோசமாகத்தான் இருக்கிறது. அப்போது விளக்கைப் போட்டு வைக்கிறேன். பக்கத்துப் பண்ணையில் போனி அதைப் பார்த்துத் தன் விளக்கைப் போடுகிறாள். ரெண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டதில்லை. நேற்று இரண்டு கோழிகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள், "ரொம்பக் கத்துதுங்க, வச்சுக்குங்க" என்றாள். அவை கத்தவே இல்லை.

நீ விட்டுப்போன ரப்பர் வளையத்தைப் போட்டு இன்று காலை ஒரு ஜாம் பாட்டிலைத் திறந்தேன். நேரம் எடுத்தது. லைல் கையை நீட்டினான், தட்டிவிட்டேன். ரொட்டியில் தடவித் தின்றோம். சர்க்கரை அதிகம். அவள் எப்போதும் அதிகம்தான் போடுவாள், நானும் எப்போதும் சொல்வேன். தின்றுகொண்டே அழுதேன், லைல் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அதனால், உன் பழைய கேள்விக்குப் பதில் இப்போது தெரிந்துவிட்டது. திறக்க முடிகிறது.

டிசம்பர் தாளை ஆணியில் மாட்டியிருக்கிறேன். கை சுவர்ப் பக்கம் இருக்கிறது, தேதி வெளிப் பக்கம். வெளிச்சம் பட்டால் ரெண்டு கையும் லேசாகத் தெரிகின்றன.

ரிவால்வர் உன்னிடமே இருக்கட்டும். கைப்பிடி நன்றாக வந்திருக்கிறது என்று டுவேன் சொன்னான். ஏப்ரலில் விரியன்கள் வெளியே வரட்டும், கோழிகளும் இருக்கின்றன, அப்போது கேட்கிறேன். அப்போதும் கொடுக்க உனக்கு மனது வராவிட்டால் கொடுக்காதே. இந்தத் தடவை உன்னைத் திருடி என்று சொல்ல மாட்டேன்.

எமெட்